ஹார்க் த ஹெரால்டைத் திருத்தியவர் ஏன் பலதார மணத்துக்கு வாதாடினார்? மார்ட்டின் மேடன் கதை

டிசம்பர் மாசம் வந்துட்டா மால்ல, லிஃப்ட்ல, விளம்பரத்துலன்னு எங்க போனாலும் காதுல விழுற ஒரு பாட்டு 'ஹார்க் த ஹெரால்ட் ஏஞ்சல்ஸ் சிங்'. நம்ம ஊர் சர்ச்சுகள்ல இருக்கிற பாமாலைப் புத்தகத்துலயும் இதுக்குத் தமிழ் வடிவம் உண்டு. எழுதினது யாருன்னு கேட்டா சார்லஸ் வெஸ்லின்னு பதில் வரும். பதில் சரிதான், ஆனா முழுசா சரியில்லை. வெஸ்லி 1739-ல் எழுதின பாட்டும் நாம இன்னைக்குப் பாடுற பாட்டும் ஒண்ணு கிடையாது.

வெஸ்லி எழுதின முதல் வரியில் தேவதூதர்களே கிடையாது. வானத்துக்கு 'வெல்கின்'னு ஒரு பழைய ஆங்கிலச் சொல் இருந்தது. நம்ம பழம்பாட்டுல வர்ற 'விசும்பு' மாதிரி, அந்தக் காலத்துலயே பேச்சு வழக்கில் இல்லாத சொல். அந்த வெல்கின் முழுக்க ஒலிக்குதுன்னுதான் அவர் ஆரம்பிச்சார். ஜார்ஜ் வைட்ஃபீல்ட் என்ற பிரசங்கியார் 1753-ல் தன் பாட்டுப் புத்தகத்துக்காக அதைத் தூக்கிட்டு தேவதூதர்களைக் கொண்டு வந்தார். 1760-ல் இன்னொருத்தர் முதல் சரணத்தோட கடைசிப் பகுதியை மாத்தினார். பெத்லகேம் என்ற ஊர்ப் பேர் அந்த இடத்துல வந்து உக்காந்தது அவரால்தான். இப்ப நாம பாடுற மெட்டு அதுக்கும் பின்னாடி வந்தது. அச்சுக்கலையைக் கொண்டாடுற விழாவுக்காக மெண்டல்சோன் 1840-ல் போட்ட இசையை, 1855-ல் கம்மிங்ஸ் என்ற இசைக்காரர் இந்த வரிகளோட பொருத்தினார். நாலஞ்சு பேர் கமிட் பண்ணின ஒரு கோட்பேஸ்னு சொல்லலாம்.

அந்த 1760 கமிட்டைப் போட்ட ஆள்தான் இன்னைக்கு நம்ம ஹீரோ. ஹீரோன்னு சொல்லலாமா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. பேர் மார்ட்டின் மேடன். ஆங்கில எழுத்தைப் பார்த்தா நம்ம ஊர் 'மதன்'னே படிக்கத் தோணும். கல்யாணத்தைப் பத்திப் புத்தகம் எழுதி வம்புல மாட்டினவருக்குப் பொருத்தமான பேர்தான்.

அந்தப் புத்தகத்தோட விஷயத்தை ஒரு வரியில் சொல்லிடுறேன். 1780-ல், லண்டனில் பேர் பெற்ற ஒரு ஆங்கிலிக்கன் போதகர், ஒரு ஆண் ஒண்ணுக்கு மேற்பட்ட பெண்களைக் கல்யாணம் பண்ணுவதை பைபிள் தடுக்கலை, சில நேரங்களில் கட்டாயமே படுத்துதுன்னு அச்சடிச்சு வெளியிட்டார். காமெடிக்காக இல்லை. தன் சொந்த ஆசைக்காகவும் இல்லை, அவர் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கவே இல்லை. அப்புறம் எதுக்காக? கதையே அங்கதான் இருக்கு.

மேடன் பெரிய இடத்துப் பிள்ளை. அப்பா இராணுவ கர்னல், நாடாளுமன்ற உறுப்பினர். அம்மா ஜூடித் கூப்பர் கவிதை எழுதினவங்க, அலெக்சாண்டர் போப்போட கடிதத் தொடர்பில் இருந்தவங்க. மேடன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்ட் கிறைஸ்ட் சர்ச்ன்னு படிச்சு 1746-ல் பட்டம் வாங்கினார், 1748-ல் வழக்கறிஞர் ஆனார். இந்த வழக்கறிஞர் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி முக்கியமா வரும்.

இளமையில் ஆள் ஜாலி பேர்வழி. அவர் மனம் மாறினதைப் பத்தி வழிவழியா சொல்லப்படுற ஒரு கதை உண்டு. ஒருநாள் நண்பர்களோட காஃபி ஹவுஸ்ல உக்காந்திருக்கார். பக்கத்துல எங்கயோ ஜான் வெஸ்லி பிரசங்கம் பண்றார். வெஸ்லின்னா அப்ப மேல்தட்டு இளைஞர்களுக்கு ஒரு மீம் மெட்டீரியல். போய்க் கேட்டுட்டு வந்து அவரை மாதிரியே மிமிக்ரி பண்ணிக் காட்டுன்னு நண்பர்கள் இவரை அனுப்பி வைக்கிறாங்க. போனார், கேட்டார், திரும்பி வந்தார். மிமிக்ரி பண்ணலை. நான் அவரைப் பிடிக்கப் போனேன், அவர் என்னைப் பிடிச்சுட்டார் என்ற அர்த்தத்துல ஏதோ சொன்னாராம். கொஞ்சம் பாலிஷ் போட்ட கதை மாதிரிதான் இருக்கு. ஆனா வக்கீல் அங்கியைக் கழட்டிட்டுப் போதகர் அங்கி போட்டது நிஜம்.

போதகரா அவர் போய்ச் சேர்ந்த இடம்தான் இந்தக் கதையோட மையம். லண்டன் ஹைட் பார்க் கார்னர் பக்கத்துல லாக் ஹாஸ்பிடல்னு ஒண்ணு. வில்லியம் ப்ரொம்ஃபீல்ட் என்ற அறுவை மருத்துவர் 1746-ல் தொடங்கினது. பால்வினை நோய்க்கு மட்டுமேயான தர்ம ஆஸ்பத்திரி. மத்த ஆஸ்பத்திரிகள் இந்த நோயாளிகளைச் சேர்க்கத் தயங்கின காலம். சிகிச்சைன்னா பாதரசம். பல் ஆடும், வாயில் எச்சில் ஊத்தும், ஈறு புண்ணாகும். நோய் கொல்லுதா மருந்து கொல்லுதான்னு பிரிச்சுச் சொல்ல முடியாத வைத்தியம்.

இந்த மாதிரி ஒரு இடத்துக்கு நன்கொடை கேட்டுப் போறதை யோசிச்சுப் பாருங்க. அநாதைக் குழந்தைகளுக்குன்னு கேட்டா பணக்காரங்க கையை நீட்டுவாங்க. 'பாவத்தோட சம்பளம்'னு ஊரே நினைக்கிற நோய்க்கு யார் கொடுப்பாங்க? மேடனோட பதில் இசை. ஆஸ்பத்திரியோடு சேர்த்து ஒரு சேப்பல் கட்டி 1762-ல் திறந்தாங்க. உள்ள உக்காரும் இருக்கைகளுக்கு வாடகை, அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்கு. கூட்டம் வரணும்னா பிரசங்கமும் நல்லா இருக்கணும், பாட்டும் நல்லா இருக்கணும். மேடனுக்கு ரெண்டும் வந்தது.

1760-லேயே அவர் ஒரு பாட்டுத் தொகுப்பு வெளியிட்டார். அடுத்தவங்க பாட்டுகளை எடுத்துக் கை வைக்கிற பழக்கம் அதுல நல்லாவே தெரியும். ஹார்க் த ஹெரால்டில் செஞ்சதைச் சொல்லிட்டேன். இன்னொண்ணு 'லோ ஹி கம்ஸ் வித் கிளவுட்ஸ் டிசெண்டிங்'. இதே கருத்தில் ஜான் சென்னிக் ஒரு பாட்டும், 1758-ல் சார்லஸ் வெஸ்லி ஒரு பாட்டும் எழுதியிருந்தாங்க. மேடன் ரெண்டிலிருந்தும் சரணங்களை எடுத்து ஒண்ணா மெர்ஜ் பண்ணிட்டார். கான்ஃப்ளிக்ட் எதுவும் வெளியே தெரியலை, அவ்வளவு சுத்தமா இருந்தது.

1769-ல் மெட்டுகளோட இன்னொரு புத்தகம் வந்தது, இசை வரலாற்றில் லாக் ஹாஸ்பிடல் கலெக்ஷன்னே அதுக்குப் பேர். லாப நோக்கமே ஆஸ்பத்திரிக்காகத்தான். ஃபெலிசே ஜார்தினி என்ற இத்தாலிய வயலின் வித்வான், ஓபரா மேடைக்காரர், இதுக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்திருக்கார். அதுல ஒண்ணு இன்னைக்கும் உலகம் முழுக்க 'இத்தாலியன் ஹிம்' என்ற பேர்ல, இல்லைன்னா 'மாஸ்கோ' என்ற பேர்ல பாடப்படுது. ஜார்தினி செத்தது மாஸ்கோவில், அதனால அந்தப் பேர். சேப்பலில் ஓரடோரியோ கச்சேரிகளும் நடக்கும். 1765-ல் 'ரூத்' கச்சேரியைக் கேட்டுட்டு ஜான் வெஸ்லி தன் நாட்குறிப்பில் பாராட்டியே எழுதியிருக்கார். மேல்தட்டு லண்டன் பட்டும் பவுடருமா வந்து பாட்டுக் கேட்கும், அந்தக் காசில் பக்கத்துக் கட்டடத்துல ஒரு வேலைக்காரப் பொண்ணுக்கு மருந்து கிடைக்கும். எனக்கு இந்த பிசினஸ் மாடல் ரொம்பப் பிடிச்சிருக்கு.

இனி விஷயத்துக்கு வருவோம். வருஷக்கணக்கா இந்த ஆஸ்பத்திரியில் போதகரா இருந்தவர் திரும்பத் திரும்பக் கேட்ட கதை எதுவா இருக்கும்? கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த பொண்ணு. கட்டிக்கிறேன்னு சொன்ன ஒருத்தன். நம்பினா. கைவிட்டுட்டான். வீட்டில் சேர்க்கலை, வேலை போச்சு, தெரு, நோய், லாக் ஹாஸ்பிடல். மத்தவங்க இதைப் பார்த்துட்டு ஒழுக்கக்கேடுன்னு சொன்னாங்க. மேடன் வக்கீலா இருந்தவர், சட்டத்துல எந்த வரி இதை அனுமதிக்குதுன்னு தேடினார். தேடினது கிடைச்சது. 1753-ன் ஹார்ட்விக் திருமணச் சட்டம்.

இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். அதுக்கு முன்னாடி இங்கிலாந்தில் கல்யாணம் ஒரு குழப்பமான விஷயம். ஒரு ஆணும் பெண்ணும் இப்பவே உன்னைத் துணையா ஏத்துக்கிறேன்னு ஒருத்தருக்கொருத்தர் வார்த்தை கொடுத்துட்டாலே அது கட்டுப்படுத்தும். அவன் பின்வாங்கினா அவ திருச்சபை நீதிமன்றத்துக்குப் போய், சர்ச்சில் வச்சு முறைப்படி கட்டிக்கோன்னு உத்தரவு வாங்க வழி இருந்தது. மறுபக்கம் இதைப் பயன்படுத்தி மோசடியும் நடந்தது. லண்டன் ஃப்ளீட் சிறையைச் சுத்தி, காசு கொடுத்தா உடனே கல்யாணம் பண்ணி வைக்கிற பாதிரியார்கள் கடை விரிச்சிருந்தாங்க. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ராத்திரியோட ராத்திரியா ஓடிப் போய்க் கட்டிக்கிட்டு வந்துடுவாங்களோன்னு பெத்தவங்களுக்குப் பயம்.

ஹார்ட்விக் பிரபுவின் சட்டம் இதை ஒரேயடியா அடைச்சது. 1754 மார்ச் 25-லிருந்து, சர்ச்சில் முன்கூட்டியே அறிவிப்பு வாசிக்கணும், இல்லைன்னா லைசென்ஸ் வாங்கணும். 21 வயசு ஆகாதவங்க லைசென்ஸ்ல கட்டணும்னா பெற்றோர் சம்மதம் வேணும். மீறிக் கட்டி வச்ச பாதிரியாருக்கு 14 வருஷம் நாடுகடத்தல். யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் விலக்கு. இதெல்லாம் பாடப்புத்தகத்துல வரும். ஆனா அதுக்குள்ள ஒரு பிரிவு இருக்கு: வாய்மொழி வாக்குறுதியைக் காட்டி யாரையும் கல்யாணத்துக்குக் கட்டாயப்படுத்த திருச்சபை நீதிமன்றத்தில் இனி வழக்குப் போட முடியாது.

சொத்துள்ள குடும்பங்களுக்கு இது பாதுகாப்பு. வார்த்தையை மட்டும் நம்பின பொண்ணுக்கு இருந்த ஒரே கதவு சாத்தப்பட்டது. நஷ்டஈடு கேட்டு சாதாரண நீதிமன்றத்துக்குப் போகலாம்தான். சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற பொண்ணு வக்கீல் வைக்கிற காரியமா அது?

மேடன் இங்கிருந்து பைபிளுக்குப் போறார். யாத்திராகமம் 22, உபாகமம் 22. நிச்சயம் ஆகாத ஒரு கன்னிப் பெண்ணோட ஒருத்தன் சேர்ந்துட்டா அவன் அவளை மனைவியா ஏத்துக்கணும்னு மோசேயின் சட்டம் சொல்லுது. மேடன் இதை ஒரு கம்பைலர் மாதிரி படிக்கிறார். 'ஒருத்தன்'னுதான் இருக்கு. 'கல்யாணம் ஆகாத ஒருத்தன்'னு கண்டிஷன் எங்கயும் இல்லை. அப்போ ஏற்கெனவே மனைவி உள்ளவனுக்கும் இந்த விதி பொருந்தும். அவன் அவளையும் மனைவியா ஏத்துக்கிட்டே ஆகணும், சோறு போடணும், பேர் கொடுக்கணும், தெருவில் விடக் கூடாது. யாக்கோபுக்கும் தாவீதுக்கும் பல மனைவிகள், கடவுள் அதுக்காக அவங்களைத் தண்டிக்கலை. புதிய ஏற்பாட்டில் இயேசு பேசினது விவாகரத்தைப் பத்தி, இதைப் பத்தி இல்லை. கல்யாணம்னா உடல் சேர்வதுதான், சர்ச்சில் நடக்கிற சடங்கு மனுஷன் வச்சது, நாடாளுமன்றம் வச்சது. அவரோட வாதத்தோட எலும்புக்கூடு இவ்வளவுதான்.

புத்தகத்துக்கு அவர் வச்ச பேர் 'தெலிஃப்தோரா'. கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உண்டாக்கினது, பெண்ணின் அழிவுன்னு அர்த்தம். 1780-ல் ரெண்டு தொகுதி, அடுத்த வருஷம் மூணாவது. பேரைப் பார்த்தாலே அவர் மனசுல இருந்த கேள்வி தெரியும். ஆண்கள் எத்தனை பேரைக் கட்டலாம் என்பது அவர் ஆரம்பிச்ச இடம் இல்லை. அழிஞ்ச பொண்ணுக்கு யார் பொறுப்பு என்பதில்தான் ஆரம்பிச்சார்.

சரி, அவர் பக்கம் நியாயம்னு சொல்ல வர்றியான்னு கேட்டா, இல்லை. இந்த வாதத்தில் ரெண்டு பேர் காணாமப் போறாங்க. ஒண்ணு, வீட்டில் ஏற்கெனவே இருக்கிற மனைவி. அவளைக் கேட்கணும்னு அவருக்குத் தோணவே இல்லை. ரெண்டாவது, ஏமாற்றப்பட்ட பொண்ணே. தன்னைக் கெடுத்தவனோடவே ஆயுசு முழுக்க இருக்க அவளுக்கு விருப்பமான்னும் யாரும் கேட்கலை. நம்ம ஊர்ப் பஞ்சாயத்துகள்ல இன்னைக்கும் கேட்கிற தீர்ப்புதான் இது, கெடுத்தவனுக்கே கட்டி வை. அதோட இந்தச் சலுகை ஒருவழிப் பாதை. பெண்ணுக்கு ரெண்டு கணவன் என்பது அவர் கணக்கில் விபசாரம், ஆணுக்கு ரெண்டு மனைவி என்பது கடமை. நோயைச் சரியாப் பார்த்துட்டு மருந்தாப் பாதரசம் கொடுத்த மாதிரி இருக்கு.

புத்தகம் வெளியே வந்ததும் லண்டன் கொதிச்சது. ஹன்டிங்டன் சீமாட்டி, இந்த இயக்கத்துக்கே பண உதவி செஞ்சவங்க, வேண்டாம்னு தடுத்துப் பார்த்தாங்க. கேட்கலை. பதில் புத்தகங்கள் வரிசையா வந்தது. ரிச்சர்ட் ஹில் எழுதினார். ஒரு காலத்தில் லாக் சேப்பலில் மேடனுக்கு உதவியாளரா இருந்த தாமஸ் ஹாவெய்ஸே ஒரு மறுப்பு எழுதினார். வேடிக்கை என்னன்னா அதே 1780-ல்தான் வெஸ்லி சகோதரர்களோட பெரிய பாட்டுப் புத்தகமும் வந்தது. அதன் முன்னுரையில் ஜான் வெஸ்லி, எங்க பாட்டுகளை அச்சடிக்கணும்னா அப்படியே அச்சடிங்க, தயவுசெய்து திருத்தாதீங்க, அது உங்களால ஆகாதுன்னு காரமா எழுதியிருக்கார். மேடன் பேரைச் சொல்லலை. ஆனா திருத்தினவங்க பட்டியல்ல மேடனுக்கு முக்கியமான இடம் உண்டு.

இதில் எனக்கு ரொம்ப உறுத்தின பகுதி வில்லியம் கூப்பர். ஆங்கிலக் கவிதை வரலாற்றில் பெரிய பேர், மேடனோட அம்மாவுக்கு அண்ணன் தம்பி முறையில் வந்தவரின் பிள்ளை, அதாவது மேடனுக்கு மாமன் மகன். 1763-ல் பிரபுக்கள் சபையில் ஒரு குமாஸ்தா வேலைக்காக நேரில் வந்து பதில் சொல்லணும்னதும் கூப்பர் பயத்தில் மனசு உடைஞ்சு தற்கொலை வரைக்கும் போயிட்டார். தான் நரகத்துக்குத்தான் போவேன்னு நம்பிக்கிட்டு இருந்தவர் பக்கத்துல உக்காந்து, மன்னிப்பு உண்டுன்னு பேசினவர் மேடன். அதுக்கு அப்புறம்தான் செயின்ட் ஆல்பன்ஸில் டாக்டர் காட்டனின் மனநலக் காப்பகத்துக்குக் கூப்பர் போனார், மெல்லத் தேறினார். அதே கூப்பர் 1781-ல் 'ஆன்டி தெலிஃப்தோரா'ன்னு ஒரு கிண்டல் கவிதை எழுதி மேடனைத் தாக்கினார். பேர் போடலை. கருத்து தப்புன்னா சொல்லத்தான் வேணும், ஒத்துக்கிறேன். ஆனா அன்னைக்குக் கட்டிலுக்குப் பக்கத்துல வந்து உக்காந்த ஆளு அது.

மேடனால் லாக் சேப்பலில் நிக்க முடியலை. பாட்டுக்காக வந்த மேல்தட்டுக் கூட்டத்தை நம்பி ஓடுற இடம், போதகர் பலதாரம்னு பேசினா எப்படி? விலகி எப்ஸம் என்ற ஊருக்குப் போயிட்டார். அங்கிருந்து எழுதுறதை மட்டும் நிறுத்தலை.

1785-ல் இன்னொரு புத்தகம் எழுதினார். முதல் புத்தகத்தைப் படிச்சு இவர் இளகின மனசுக்காரர்னு நினைச்சிருந்தா இதுல அதிர்ச்சியாகும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் சின்னத் திருட்டுக்குக் கூட சட்டப்படி மரண தண்டனை உண்டு. நடைமுறையில் நீதிபதிகள் தண்டனையைச் சொல்லிட்டுப் பலரை மன்னிச்சு விட்டுடுவாங்க. மேடன் என்ன சொன்னார்னா, சட்டத்துல எழுதியிருந்தா தூக்குல போடுங்க, விதிவிலக்குக் கொடுக்கிறதாலதான் குற்றம் பெருகுதுன்னார். சாமுவேல் ரொமிலி என்ற இளம் வக்கீல் 1786-ல் இதுக்கு மறுப்பு எழுதினார், அதோட பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் எழுதின ஒரு கடிதமும் சேர்ந்து வந்தது. சில நீதிபதிகள் மேடன் பேச்சைக் கேட்டு நடந்து, தூக்குத் தண்டனைகள் கூடினதுன்னு ரொமிலி சொன்னார். இங்கிலாந்தின் மரண தண்டனைச் சட்டங்களைக் குறைக்கப் பின்னாடி நாடாளுமன்றத்தில் போராடின அதே ரொமிலிதான்.

ரெண்டு புத்தகமும் ஒரே ஆள் எழுதினதுதானான்னு முதல்ல தோணும். யோசிச்சா அச்சு அசல் ஒரே மூளைதான். எழுதியிருக்கா, அப்போ விதிவிலக்கு இல்லாம ரன் பண்ணு. பொண்ணைத் தொட்டவன் கட்டணும், திருடினவன் தொங்கணும். எதிர்ல நிக்கிற மனுஷன் அவருக்கு இன்புட் மாதிரிதான் தெரிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில் அத்தனை வருஷம் மனுஷங்களோட இருந்தவர் இப்படி ஆனது எனக்குப் புதிராவே இருக்கு.

கடைசி வருஷங்களில் ரோமானியக் கவிஞர்கள் ஜுவெனல், பெர்சியஸ் ரெண்டு பேரையும் மொழிபெயர்த்து 1789-ல் வெளியிட்டார். 1790 மே மாசம் எப்ஸமில் இறந்தார்.

அவர் விட்டுட்டுப் போன லாக் ஹாஸ்பிடலுக்கு 1785-ல் தாமஸ் ஸ்காட் என்ற போதகர் வந்தார். சிகிச்சை முடிஞ்சு வெளியே போற பெண்களுக்குப் போக இடமில்லைங்கிற அதே பிரச்சினையை அவரும் பார்த்தார். 1787-ல் அவங்க தங்கி, வேலை கத்துக்கிட்டு, வேற வாழ்க்கைக்குப் போக ஒரு இல்லம் ஆரம்பிச்சாங்க, பேர் லாக் அசைலம். எந்த வசனத்தையும் புதுசா விளக்க வேண்டி வரலை. ஒரு வாடகை வீடும் சில நன்கொடையாளர்களும் தேவைப்பட்டது.

லாக் ஹாஸ்பிடல் என்ற பேர் அப்புறம் கப்பலேறி நம்ம பக்கமும் வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படை இருந்த ஊர்களில், மெட்ராஸ் மாகாணத்திலும், அதே பேரில் ஆஸ்பத்திரிகள் நடந்தது. லண்டனில் அது தேடி வந்தவங்களுக்குத் தர்ம வைத்தியம் பார்த்த இடம். இங்க பதிவு செஞ்ச பெண்களை, சிப்பாய்களுக்கு நோய் தொத்தக் கூடாதுன்னு, சோதனை போட்டு அடைச்சு வைக்கிற இடமா ஆச்சு. அவங்க கிட்ட வந்த சிப்பாய்களை யாரும் அப்படி அடைச்சு வைக்கலை. அது தனி எபிசோடுக்கான கதை, அடுத்த தடவை அதைத்தான் எடுக்கப் போறேன்.